ஹோஸ்டிங் நிறுவனத்தின் பாலிசியை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது

ஹோஸ்டிங் நிறுவனங்கள் (மற்றவர்களின் இணையதளங்களைத் தங்கள் சர்வர்களில் வைத்து நடத்துபவை) முதலில் எடுக்கும் காப்பீடு பெரும்பாலும் சர்வர்களுக்கானது. கண்ணுக்குத் தெரிகிற பொருள், கையில் பில் இருக்கிறது, தீ, வெள்ளம், திருட்டு எல்லாம் எவருக்கும் புரிகிற ஆபத்துகள். அந்த பாலிசியிலேயே இரண்டு ஓட்டைகள் உண்டு. பாலிசியில் அலுவலகத்தின் முகவரி இருக்கும். சர்வர்களோ வேறொருவரின் டேட்டா சென்டரில், வாடகை ரேக்கில் இருக்கும். அந்த முகவரியும் தனியாக எழுதப்படாவிட்டால் க்ளெய்ம் அங்கேயே தகராறாகிவிடும். இரண்டாவது, இந்த வகை பாலிசிகளில் சொத்து என்பது பெரும்பாலும் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள் மட்டுமே. டிஸ்க்குக்குப் பணம் வரும், அதிலிருந்த டேட்டாவுக்கு வராது. நான்கு வருடம் ஓடிய சர்வருக்குத் தேய்மானம் கழித்த மதிப்பா, புது சர்வரின் விலையா என்பதையும் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கவிழ்க்கிற நஷ்டம் இந்தப் பக்கத்திலிருந்து வருவது குறைவு. 2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் ஹோஸ்டிங் நிறுவனத்தின் எஸ்பிஜி2 என்ற டேட்டா சென்டர் கட்டடம் எரிந்து போனது. கட்டடத்தின் விலை ஒரு பக்கம். மறுபக்கம், பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தும் டேட்டாவை இழந்த வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அதில் ஒன்றில், பேக்கப் தனி இடத்தில் வைக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னதையும், அது அதே கட்டடத்தில் இருந்து எரிந்ததையும் வைத்து, லீல் வணிக நீதிமன்றம் 2023-ல் வாடிக்கையாளர் பக்கம் தீர்ப்பளித்தது. தீயை யாரும் தடுத்திருக்க முடியாது என்ற வாதம் எடுபடவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு வரி அங்கே இழப்பீடாக மாறியது. இந்தத் தொழிலில் பாலிசியைத் தனியாகப் படிப்பதில் பயனில்லை என்று சொல்வது இதனால்தான். வாடிக்கையாளருக்குக் கொடுத்த ஒப்பந்தத்தையும் எஸ்எல்ஏவையும் (சேவை எவ்வளவு நேரம் தடையில்லாமல் இருக்கும் என்ற உறுதிமொழி) பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

தொழில் தடைபட்டதற்கான இழப்பீட்டை எடுத்துக்கொள்வோம். சைபர் பாலிசியில் (கணினி அமைப்புகளுக்கு வரும் பாதிப்புக்கான காப்பீடு) மிக அதிகம் பேசப்படுவதும், ஹோஸ்டிங்கில் மிகக் குறைவாகக் கைக்கு வருவதும் இதுதான். ஒரு நோடு, அதாவது பல வாடிக்கையாளர்களின் தளங்கள் ஓடும் ஒரு சர்வர், 30 மணி நேரம் படுத்துவிட்டது. பாலிசியில் காத்திருப்பு நேரம், அதாவது இழப்பீடு தொடங்குமுன் கடக்க வேண்டிய நேரம், 12 மணி என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 18 மணி நேரம். அந்த 18 மணி நேரத்தில் எவ்வளவு வருமானம் போனது என்று நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பார். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஒரு வருடக் கட்டணத்தை முன்பே கட்டியவர்கள். நோடு படுத்த அன்று கணக்குப் புத்தகத்தில் ஒரு காசும் குறைவதில்லை. குறையப்போவது ஆறு மாதம் கழித்து, ரென்யூவல் வரும்போது, அவர்கள் வேறு இடத்துக்குப் போகும்போது. பாலிசியோ சர்வர் மறுபடி எழுந்த நேரத்தோடு கணக்கை மூடிவிடும். நஷ்டம் உண்மை, ஆனால் அது பாலிசியின் காலத்துக்கு வெளியே விழுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சேவை திரும்பிய பிறகும் 90, 180 நாள் வரை வருமானக் குறைவைக் கணக்கில் எடுக்கும் நீட்டிப்பு உண்டு. நற்பெயர் பாதிப்புக்கான தனிப் பிரிவும் சில பாலிசிகளில் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். கூடவே, சம்பவத்துக்கு முந்தைய 24 மாத ரென்யூவல் விகிதம் மாதவாரியாகக் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வாடிக்கையாளர் போனது இதனால்தான் என்று காட்ட முடியாது. வழக்கமாகவே மாதத்துக்கு இத்தனை பேர் போவார்கள்தானே என்ற கேள்வி நிச்சயம் வரும். உண்மையில் இந்த நேரத்தில் உதவுவது கூடுதல் செலவுக்கான பிரிவு: அவசரத்துக்கு எடுத்த வாடகை சர்வர், வெளியிலிருந்து கூப்பிட்ட நிபுணர், ஓவர்டைம். அதற்கு பில் இருக்கும், வாதம் இருக்காது.

காத்திருப்பு நேரத்தின் வாசகத்திலும் ஒரு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. சில பாலிசிகள் 12 மணி தாண்டினால் முதல் நிமிடத்திலிருந்தே கணக்கிடும். மற்றவை அந்த 12 மணியைக் கழித்துவிடும். விட்டு விட்டு வரும் தாக்குதலில் இது இன்னும் கடிக்கும். டிடாஸ் தாக்குதல் (சர்வர் திணறும்படி போலிக் கோரிக்கைகளைக் குவிப்பது) இரண்டு நாளில் நான்கு தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் வந்தால், மொத்தம் 16 மணி நேரம் சேவை இல்லை. ஒவ்வொன்றையும் தனிச் சம்பவமாகப் பார்த்தால் எதுவுமே காத்திருப்பைத் தாண்டவில்லை. ஒரே மூலத்திலிருந்து வரும் தடங்கல்களைச் சேர்த்து எண்ணலாம் என்று ஒரு வரி எழுதி வாங்குவது பிரீமியத்தில் சில சதவீதத்துக்காகப் பேரம் பேசுவதைவிட லாபம்.

எஸ்எல்ஏவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 99.9 சதவீத அப்டைம் (சேவை இயங்கும் நேரம்) என்றால் 30 நாள் மாதத்தில் அனுமதிக்கப்பட்ட தடங்கல் 43 நிமிடம் 12 விநாடி. 99.99 என்றால் நாலே கால் நிமிடத்துக்குச் சற்று மேல். அதாவது, நிறுவனம் 44-வது நிமிடத்திலிருந்து கிரெடிட் (கட்டணத்தில் தள்ளுபடி) கொடுக்கத் தொடங்கும். காப்பீடு எட்டாவது அல்லது பன்னிரண்டாவது மணியில்தான் கண் விழிக்கும். அதற்குப் பிறகும் அந்த கிரெடிட் தொகையைத் தராது. ஒப்பந்தத்தில் தானாக முன்வந்து ஏற்ற பொறுப்பு, சேவை கிரெடிட், கட்டணத்தைத் திருப்பித் தருவது ஆகியவை பெரும்பாலான தொழில்முறைப் பொறுப்பு பாலிசிகளில் (வேலையில் நடந்த தவறுக்கு வாடிக்கையாளர் கேட்கும் இழப்பீட்டுக்கானவை) விலக்குகள். “100 சதவீத அப்டைம் உத்தரவாதம்” என்று விளம்பரம் செய்யும் நிறுவனம், பாலிசி தொடாத ஒரு கடனைத் தன் கையாலேயே எழுதிக்கொள்கிறது. கிரெடிட்டுக்கு உச்சவரம்பு அந்த மாதக் கட்டணம்தான் என்றும், வாடிக்கையாளருக்கு வேறு பரிகாரம் கிடையாது என்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

என்ன காரணத்தால் படுத்தது என்பதும் கேள்வி. பழைய சைபர் பாலிசிகள் வெளியார் தாக்குதலுக்கு மட்டுமே பணம் தந்தன. ஹோஸ்டிங்கில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பல தடங்கல்கள் உள்ளிருந்தே வருபவை: தவறான சர்வரில் ஓட்டிய கட்டளை, நடு ராத்திரி கெர்னல் அப்டேட், ரெய்டு 5-ல் (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டாவைக் காக்கும் அமைப்பு) ஒரு டிஸ்க்கை மாற்றி ரீபில்ட் ஓடும்போதே போய்ச் சேர்ந்த இரண்டாவது டிஸ்க். கடைசியாகச் சொன்னதை இயல்பான தேய்மானம் என்று சொல்லித் தள்ளவும் பார்ப்பார்கள். ‘சிஸ்டம் ஃபெயிலியர்’, அதாவது ஊழியர் தவறும் மென்பொருள் கோளாறும், பாலிசியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குத் தனி சப்லிமிட் (மொத்தத் தொகைக்குள் ஒரு சிறிய உச்சவரம்பு) வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். முகப்பில் பெரிய தொகையும் உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கும் இருப்பது சாதாரணம்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்று கேட்டால் பலரும் ஆண்டு வருமானத்தைப் பார்த்துச் சொல்வார்கள். புரோக்கர்களின் பட்டியலும் அப்படித்தான் இருக்கும். என் கணிப்பில் அது தவறான அளவுகோல். ஒரே அடியில் எத்தனை வாடிக்கையாளர் விழுவார்கள் என்பதுதான் எண்ண வேண்டியது. ஒரு ஷேர்டு நோடில் 600 கணக்குகள் இருக்கின்றன, ஒப்பந்தப்படி ஒவ்வொருவருக்கும் பொறுப்பு ஒரு வருடக் கட்டணம் வரை என்றால், அந்த நோடின் ஆபத்து 600 வருடக் கட்டணங்கள். ஆனால் எல்லா நோடுகளின் பேக்கப்பும் ஒரே ஸ்டோரேஜில் போய் விழுகிறதா? எல்லாவற்றையும் ஒரே நிர்வாகக் கணக்கு திறக்குமா? அப்படியென்றால் மொத்த வாடிக்கையாளரையும் கணக்கில் எடுக்க வேண்டும். பொறுப்புக்கு வைத்த உச்சவரம்பு, அப்பட்டமான அலட்சியம் நிரூபணமானால் பல நாடுகளில் நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வக்கீல் செலவு அந்தத் தொகைக்குள்ளேயே கழியுமா, வெளியே தனியா என்பது அடுத்த கேள்வி.

கழிவுத்தொகைக்கும், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நிறுவனம் தானே ஏற்க வேண்டிய முதல் பங்குக்கும், இதே கணக்கு. 600 பேரும் ஆளுக்கொரு சின்னத் தொகை கேட்டால், ஒவ்வொன்றும் தனி க்ளெய்ம் என்று எண்ணும் பாலிசியில் ஒன்றுகூடக் கழிவுத்தொகையைத் தாண்டாது, கையிலிருந்துதான் போகும். ஒரே காரணத்தால் வந்தவை ஒரே க்ளெய்ம் என்றால் கழிவு ஒரு தடவைதான், ஆனால் மொத்த வரம்பும் ஒன்றுதான். ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு இரண்டாவது நல்லது. பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்கு மட்டும் டெடிக்கேட்டட் சர்வர் கொடுப்பவர் வேறு விதமாக யோசிக்கலாம்.

இனி விண்ணப்பப் படிவம். விற்பனைக்காரர் பாதி நிரப்பி, கணக்காளர் மீதி நிரப்பி, இயக்குநர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் படிவம். சர்வரைத் தொட்டவர் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார். “நிர்வாக அணுகல் அனைத்துக்கும் பல அடுக்கு அங்கீகாரம் உள்ளதா?” என்ற கேள்விக்கு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கப்படுகிறதா என்று பொருள்) ‘ஆம்’ என்று டிக் அடிப்பது எளிது. ஹோஸ்டிங்கில் ‘அனைத்தும்’ என்றால் விபிஎன் மட்டும் அல்ல: கன்ட்ரோல் பேனலின் ரூட் லாகின், ஹைப்பர்வைசர் கன்சோல், சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் ஐபிஎம்ஐ போர்ட், பில்லிங் மென்பொருள், டொமைன் ரெஜிஸ்ட்ரார் கணக்கு, டிஎன்எஸ், பேக்கப் ஸ்டோரேஜ். ஐபிஎம்ஐயில்தான் வழக்கமாக மாட்டிக்கொள்வார்கள். 2022-ல் அமெரிக்காவில் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனம், ஃபயர்வாலுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு இருந்தது, படிவத்தில் சொன்னது பொய் என்று ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. முடிவில் அந்த பாலிசி தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. ‘ஆம், இந்த இரண்டைத் தவிர; அவை தனி நெட்வொர்க்கில் உள்ளன’ என்று எழுதிக் கூடுதல் பிரீமியம் கட்டுவது மலிவு.

அடுத்த கேள்வி பேட்ச், அதாவது மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் அப்டேட், பற்றியது. 2017 ஜூனில் தென்கொரியாவின் நயானா ஹோஸ்டிங் நிறுவனத்தில் 153 லினக்ஸ் சர்வர்கள் எரிபஸ் என்ற ரான்சம்வேரால் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பூட்டப்பட்டன. 3,400 வாடிக்கையாளர்களின் தளங்கள் பாதிக்கப்பட, 397.6 பிட்காயின் பிணைத்தொகைக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்னர் ஆராய்ந்தவர்கள் அங்கே 2008-ல் கம்பைல் செய்த கெர்னலும், அபாச்சி 1.3.36-ம், பிஹெச்பி 5.1.4-ம் என எல்லாம் பழைய பதிப்புகளாகவே ஓடியதைச் சுட்டிக்காட்டினார்கள். பேட்ச் வந்து நாள் செல்லச் செல்ல இழப்பீட்டைக் குறைத்துக்கொண்டே போகும் விலக்குகள் இப்போது பாலிசிகளில் வருகின்றன. ஷேர்டு ஹோஸ்டிங்கில் பழைய பிஹெச்பியை எடுத்தால் வாடிக்கையாளர் கத்துவார், விட்டால் காப்பீட்டாளர் கத்துவார். பழைய பதிப்புகளைத் தனி நோடில் ஒதுக்கி, அது எந்த நோடு என்று படிவத்தில் சொல்லிவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பேக்கப் கேள்விக்கு டென்மார்க்கின் கிளவுட்நோர்டிக் நல்ல பாடம். 2023 ஆகஸ்டில் அவர்கள் டேட்டா சென்டர் மாறிக்கொண்டிருந்தபோது, முன்பே தொற்றியிருந்த சர்வர்கள் உள் நெட்வொர்க்கில் இணைக்கப்பட்டன. தாக்கியவர்கள் நிர்வாக அமைப்புகளையும், முதல் பேக்கப், இரண்டாம் பேக்கப் இரண்டையும் எட்டிப் பிடித்தார்கள். பெரும்பாலான வாடிக்கையாளர்களின் டேட்டா போனது போனதுதான். பேக்கப்பின் கடவுச்சொல் வேறு இடத்தில், அழிக்க முடியாத பூட்டோடு இருக்கிறதா, கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள் என்று காப்பீட்டாளர் கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. இடம் மாறும் வேலை இருந்தால் முன்கூட்டியே தெரிவித்து, போகிற வழியிலும் புது முகவரியிலும் காப்பு இருப்பதை எழுத்தில் வாங்கவும்.

சம்பவம் நடந்த முதல் மணியில் டெக்னீஷியனின் கை துடிக்கும்: ஃபார்மேட் செய்து பேக்கப்பிலிருந்து எழுப்பிவிடலாம் என்று. டிஸ்க் இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுக்காமல் அதைச் செய்தால் எப்படி நுழைந்தார்கள் என்பதற்கான ஆதாரம் போய்விடும், கூடவே க்ளெய்மும் பலவீனமாகும். காப்பீட்டாளரின் அவசர எண்ணுக்கு முதலில் பேச வேண்டும். அவர்கள் சம்மதிக்காத தடயவியல் நிறுவனத்தின் பில்லை அவர்கள் கட்ட மாட்டார்கள். அந்த எண்ணும் பாலிசி நகலும் பூட்டப்பட்ட சர்வருக்குள்ளேயே இருந்தால் பயனில்லை, காகிதத்தில் இருக்கட்டும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, அடுத்த தகவல் எப்போது என்று தாராளமாக எழுதலாம். ‘தவறு எங்களுடையது, நஷ்டத்தை ஈடு செய்வோம்’ என்ற வரி மட்டும் வேண்டாம். சம்மதமில்லாமல் பொறுப்பேற்றதைப் பாலிசி ஒப்புக்கொள்ளாது.

சப்போர்ட் டெஸ்க்குக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது, யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. தொழில்முறைப் பொறுப்பு பாலிசிகள் சம்பவம் நடந்த வருடத்தைப் பார்ப்பதில்லை. கோரிக்கை வந்து, அது தெரிவிக்கப்பட்ட வருடத்தைப் பார்க்கின்றன. எழுத்தில் பணம் கேட்டாலே கோரிக்கை. “என் கடை இரண்டு நாள் நின்றது, நஷ்டத்தைத் தராவிட்டால் வக்கீலைப் பார்ப்பேன்” என்ற டிக்கெட்டைக் கோபக்காரர் என்று நினைத்து ஒரு மாத இலவசம் கொடுத்து மூடுவார்கள். பாலிசி புதுப்பிக்கப்பட்ட பிறகு அதே ஆள் நோட்டீஸ் அனுப்புவார். பழைய வருடத்தில் தெரிவிக்கவில்லை, புது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் என்று இரண்டு பக்கமும் கதவு சாத்தப்படும். நஷ்டம், வக்கீல், வழக்கு என்ற சொற்கள் உள்ள டிக்கெட்டுகளுக்கு ஒரு டேக் போட்டு, வாரம் ஒருமுறை ஒருவர் பார்த்தால் போதும். பெரிய தடங்கல் நடந்திருந்தால், கோரிக்கை வராவிட்டாலும், ரென்யூவலுக்கு முன் ‘இப்படி ஒரு சூழ்நிலை உள்ளது’ என்று தெரிவித்துவிட வேண்டும்.

வாடிக்கையாளர் ஏற்றிய சரக்கால் வரும் வழக்குகளைப் பலர் மறக்கிறார்கள். 2009-ல் கலிஃபோர்னியாவில் அகானாக் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் மீது லூயி வுய்ட்டான் போட்ட வழக்கில் ஜூரி 3 கோடி டாலருக்கு மேல் விதித்தது; மேல்முறையீட்டில் குறைந்தாலும் கோடிக் கணக்கிலேயே நின்றது. போலிச் சரக்கு விற்ற தளங்களைப் பற்றிய நோட்டீஸ்கள் வந்தும் நடவடிக்கை இல்லை என்பது குற்றச்சாட்டு. வர்த்தகக்குறி, பதிப்புரிமைக்கான காப்பு தனிப் பிரிவு. தெரிந்தே விட்டதற்கு அதுவும் கிடைக்காது. அப்யூஸ் முகவரிக்கு (புகார்களுக்கான மின்னஞ்சல்) வந்த கடிதம், பதில், தளம் நிறுத்திய நேரம் மூன்றும் பதிவில் இருந்தால் போதும்.

நிறுவனத்தை விற்கும்போது பழைய பாலிசி பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடும். முன்பு செய்த வேலைக்கான கோரிக்கைகள் நிற்காது. பின்னர் வருபவற்றுக்கான நீட்டிப்பு அறிவிப்புக் காலத்தை மூன்று வருடமோ ஆறு வருடமோ யார் பணம் கட்டி வாங்குவது என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன்பே எழுதிவிட வேண்டும். கையெழுத்தான பிறகு வாங்கியவருக்கு அதில் அக்கறை இருக்காது, காப்பீட்டாளர் கொடுக்கும் அவகாசமும் சில வாரங்கள்தான்.