கிறிஸ்துமஸுக்கு போர்பன் உருண்டை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் போர்பன் விஸ்கி சேர்த்த இந்தச் சாக்லேட் உருண்டை இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. அங்குள்ள பிராங்பர்ட் நகரில் 1919இல் தோழியோடு சேர்ந்து மிட்டாய்க் கடை போட்ட ரூத் ஹேன்லி, 1938இல் கொண்டுவந்த பண்டம் இது. பொடியாக நறுக்கிய பீக்கன் பருப்பை (வால்நட் மாதிரியான கொட்டை) ஒரு ராத்திரி முழுக்க போர்பனில் ஊறவிடுங்கள், இதில் மட்டும் அவசரமே கூடாது, பருப்பு விஸ்கியைக் குடித்து நிறம் கருத்து மினுங்க வேண்டும். அப்புறம் வெண்ணெய், பொடித்த சர்க்கரை சேர்த்துப் பிசைந்து உருட்டி, ஃப்ரிட்ஜில் இறுகவைத்து, உருக்கிய டார்க் சாக்லேட்டில் முக்கியெடுத்து, அது உறைவதற்குள் மேலே அரை பீக்கன் ஒன்றை அழுத்திவிடுங்கள். பால் சாக்லேட் வேண்டாம், எனக்கு அது திகட்டிவிடுகிறது. அடுப்பில் ஏற்றாததால் மது அப்படியே உள்ளே இருக்கும், குழந்தைகளுக்கு அது சேர்க்காமல் தனியாகச் செய்துவிடுங்கள். பெரியவர்களுக்கு இரண்டு நாள் டப்பாவில் மூடிவைத்துக் கொடுத்தால் காட்டம் அடங்கி வாசனை ஏறியிருக்கும்.