புல்லட் எக்ஸாஸ்ட் டேப்பெட் செட் ஆகல, கடைசில ஹெட்டைப் பிரிக்க வேண்டியதாப் போச்சு

வண்டி 1978 மாடல் புல்லட் 350, பழைய இரும்பு சிலிண்டர் இன்ஜின், போர் 70 ஸ்ட்ரோக் 90, 346 சிசி. மாமா ஓட்டிட்டு ரொம்ப வருஷமா ஓரங்கட்டி வெச்சிருந்தாரு. போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங்கு, ஆயில் பம்ப்பு எல்லாம் பெருசா தொல்லை இல்லாம முடிஞ்சுது, அதப்பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. மாட்டிக்கிட்டது டேப்பெட்லதான், அதாவது வால்வு முழுசா மூடறதுக்கு விடற இடைவெளிய செட் பண்றதுல.

புல்லட் பழகாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். மத்த வண்டில ஹெட் மேல கவரத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) விட்டு டேப்பெட் செட் பண்ணுவோம். இதுல அட்ஜஸ்டர் இருக்கறது கீழ, சிலிண்டர் அடில வலது பக்கம் ஒரு சின்ன கவர், ஒரே ஒரு நட்டுல நிக்கும், அதக் கழட்டினா ரெண்டு புஷ்ராடோட (கேம் தள்ளறத மேல வால்வ அமுக்கற ராக்கர்ங்கற நெம்புகோலுக்குக் கொண்டு போற கம்பி) அடிப்பாகமும் தெரியும். கேஜ் எல்லாம் கிடையாது, இன்ஜின் நல்லா ஆறி இருக்கும்போது பிஸ்டன் கம்ப்ரெஷன் டாப்ல நிக்கணும், அப்ப ராடை ரெண்டு விரலால உருட்டினா சுத்தணும், ஆனா மேல கீழ ஆட்டம் இருக்கக் கூடாது, அவ்ளோதான் அளவு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியோட சேந்து இங்க ஆரம்பிச்சப்ப வந்த அதே டிசைன், அதனால பழைய பிரிட்டிஷ் மேனுவல்ல இருக்கற முறையே நம்ம திருவொற்றியூர் ஃபேக்டரி வண்டிக்கும் செல்லும்.

கேப்பே இல்லாம வெச்சா சூடானதும் வால்வு தூக்கிக்காதான்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. ராடு அலுமினியம், சிலிண்டர் இரும்பு, ஒரே சூட்டுல அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், ஆனா சிலிண்டரும் ஹெட்டும் ராடைவிட அதிகமா சூடாகும், அதனால ரெண்டும் ஏறக்குறைய சேந்தே வளந்து கணக்கு நேராயிடுது. எக்ஸாஸ்ட் வால்வு தண்டு ரொம்ப சூடாகி நீளும்ங்கறதால அந்தப் பக்கம் மட்டும் ஒரு முடி அளவு லூஸ் விடறவங்க உண்டு, நானும் அப்படித்தான் விடுவேன்.

சரி, பிரச்சனைக்கு வரேன். ஹெட்டை ஏத்தி டைட் பண்ணி, பிளக்கக் கழட்டி, டாப் கியர்ல போட்டு பின் வீலை மெதுவா சுத்தி, இன்லெட் திறந்து மூடினப்புறம் பிஸ்டன் மேல வர்ற இடத்துல நிறுத்தினேன். இன்லெட் உடனே செட் ஆயிடுச்சு, இன்னும் நெறைய திரெட் மிச்சம். எக்ஸாஸ்ட்ல அட்ஜஸ்டர முழுசா உள்ள இறக்கியாச்சு, அதுக்கு மேல போகாது, அப்பவும் ராடு சுத்த மாட்டேங்குது. பிளக்க மாட்டி கிக்கர் மேல ஏறி நின்னா மெத்துனு இறங்குது, சைலன்ஸர்ல உஸ்ஸுனு காத்து. டிகம்ப்ரெசர் (கிக் பண்ண சுலபமா இருக்க எக்ஸாஸ்ட் வால்வ லேசா தூக்கி விடற லீவர்) கேபிள் இழுத்துட்டு நிக்குதான்னு முதல்ல பாத்தேன், அது நல்லாத்தான் இருந்துச்சு, எக்ஸாஸ்ட் வால்வுதான் மூடாம நிக்குது.

இங்க கொஞ்சம் நிதானமா யோசிக்கணும், ஏன்னா காரணம் நெறைய இருக்கலாம். சிலிண்டர் அடில வர்ற பேஸ் கேஸ்கெட் மெல்லிசா போட்டாலோ ஹெட்டோட அடிய தேச்சு பிளேன் பண்ணி இருந்தாலோ ராக்கர் கீழ இறங்கி டேப்பெட் டைட் ஆகும். ஆனா அப்படி இருந்தா ரெண்டு பக்கமும் ஒரே அளவு டைட் ஆகணும், இங்க இன்லெட் ஜம்முனு இருக்கே. ராடு மாறிப்போச்சான்னா இல்ல, கழட்டும்போதே டேக் கட்டி வெச்சிருந்தேன். கேம் வீல் மார்க்கு எல்லாம் நேர். ராடு வளைஞ்சிருந்தா ஒரு சுத்துல பாதி டைட் பாதி லூஸ்னு மாறி மாறி காட்டும், கண்ணாடி மேல உருட்டிப் பாத்தேன், நேராத்தான் இருக்கு. ராக்கர் பிளாக்கு ரெண்டு பாதியும் ஜோடி மாறாம, ஆயில் ஓட்டை கீழ வர்ற மாதிரிதான் உக்காந்திருக்கு. அப்ப மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு, வால்வு ஹெட்டுக்குள்ள மூழ்கிப்போயிருக்கு. வால்வு சீட்டுக்குள்ள (ஹெட்ல வால்வு உக்கார்ற வளையம்) எவ்வளவு இறங்குதோ அவ்வளவு தண்டு மேல ஏறும், ராக்கரோட அந்த முனை தூக்கும், இந்த முனை ராடை அமுக்கும், அட்ஜஸ்டருக்கு இடமே இல்லாமப் போகும்.

ஹெட்டை இறக்கி வால்வக் கழட்டிப் பாத்தா அதேதான். இன்லெட் வால்வு இருக்க வேண்டிய மட்டத்துல இருக்கு, எக்ஸாஸ்ட் ஒன்றரை மில்லிக்கு மேல உள்ள போயிருக்கு, சீட்டும் அகலமா பரந்து கெடக்கு. முன்னாடி எப்பவோ யாரோ லீக் ஆகும்போதெல்லாம் சீட் கட்டர் போட்டு கட்டர் போட்டு தேச்சிருக்காங்க. பெட்ரோலும் ஒரு காரணமா இருக்கலாம், பழைய பெட்ரோல்ல இருந்த ஈயம் சீட்டு மேல ஒரு படலமா படிஞ்சு வால்வு அடிய தாங்கும், 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தப்புறம் அந்தப் பாதுகாப்பு போச்சு.

புதுப்பேட்டைல விசாரிச்சப்ப ஒருத்தர் "தண்டு முனைய கிரைண்டர்ல ரெண்டு இழுப்பு இழுத்துடு தம்பி, சரியாயிடும்"னாரு. இன்னொருத்தர் பேஸ்ல ரெண்டு கேஸ்கெட் போடச் சொன்னாரு. எனக்கு ரெண்டும் பிடிக்கல. தண்டு முனைல கடினமாக்கின பகுதி கொஞ்சம்தான், அத எடுத்துட்டா ராக்கர் அடிச்சு அடிச்சு காளான் மாதிரி விரிஞ்சு அப்புறம் கைடு (தண்டு ஏறி இறங்கற குழாய்) வழியா வெளிய எடுக்கவே முடியாது. அதோட வால்வு மூழ்கினா ஸ்பிரிங்குக்கும் உக்கார்ற நீளம் அதிகமாகி அழுத்தம் கொறைஞ்சிருக்கும், தண்ட தேச்சா அது சரியாகாது. ரெண்டு கேஸ்கெட் போட்டா டேப்பெட் லூஸ் ஆகும், வாஸ்தவம், ஆனா கம்ப்ரெஷனும் சேந்து கொறையும். வியாதி மேல இருக்கு, கீழ மருந்து போட்டு என்ன புண்ணியம்.

அதனால புது சீட்டு. இதுல வரிசை முக்கியம், முதல்ல கைடு, அப்புறம்தான் சீட்டு, ஏன்னா கட்டரோட பைலட், அதாவது அதோட நடுக்கம்பி, கைடுக்குள்ளதான் நிக்குது, கைடு தேஞ்சு ஆடிச்சுன்னா சீட்டு கோணலாத்தான் வெட்டும். லேத் பட்டறைல இருக்கற பெரியவர் ஹெட்டை நல்லா சூடு பண்ணி சீட்ட ஃப்ரீஸர்ல வெச்சு டக்குனு இறக்கினாரு, ஹெட்டு அலுமினியங்கறதால ஆறினதும் கவ்விப் பிடிச்சுக்கும். 45 டிகிரி, எக்ஸாஸ்ட் சீட்டு அகலம் சுமார் ஒன்றரை மில்லி வெக்கச் சொன்னேன். ரொம்ப ஒல்லியா வெச்சா வால்வோட சூடு ஹெட்டுக்கு எறங்காம வால்வே கருகிடும். புது எக்ஸாஸ்ட் வால்வு போட்டு வீட்டுக்கு வந்து பேஸ்ட் வெச்சு லேப்பிங், அதாவது வால்வையும் சீட்டையும் ஒண்ணோட ஒண்ணு தேய்க்கறது, சுத்தி வர ஒரே அளவு சாம்பல் வளையம் வர்ற வரைக்கும், அப்புறம் போர்ட்ல பெட்ரோல் ஊத்தி கசியுதான்னு பாத்தேன், கசியல. இப்ப வால்வு பழையபடி வெளிய வந்திருக்குன்னா பிஸ்டன்ல தட்டக் கூடாதே, பிஸ்டன் மேல களிமண் ஒட்டி இன்ஜினக் கையால சுத்தி, அந்தக் களிமண்ண வெட்டி தடிமன் பாத்தேன், தாராளமா இடம் இருக்கு.

திரும்ப மாட்டினா அட்ஜஸ்டர் நடு திரெட்ல வந்து நின்னுச்சு. ஆனா லாக் நட்டுன்னு ஒரு தொல்லை இருக்கு பாருங்க, விரலுக்கு சரியா சுத்துற மாதிரி வெச்சு நட்ட இறுக்கினதும் திரெட்டு இழுத்துக்கிட்டு அளவு மாறிடும், மேல ராடு உக்கார்ற கப்ப ஒரு ஸ்பேனர் கீழ டேப்பெட்ட ஒரு ஸ்பேனர் நடுவுல நட்டுக்கு ஒரு ஸ்பேனர், கை ரெண்டுதான். எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்குதுன்னு பாத்து வெச்சுக்கிட்டு அந்த அளவு முன்கூட்டியே விட்டு இறுக்கறதுதான் வழி. ஸ்பேனர் மெல்லிசா இருக்கணும், கடைல கெடைக்கறது தடிமனா இருந்துச்சு, கிரைண்டர்ல தேச்சு மெலிசாக்கிக்கிட்டேன்.

கிக்கர் இப்ப ஆள் ஏறி நின்னா கீழ போகல, டிகம்ப்ரெசர் பிடிச்சுத்தான் தாண்ட வேண்டி இருக்கு. ஸ்டார்ட் ஆகி சூடானதும் ஐடில் மாறல, மறுநாள் காலைல ஆறின இன்ஜின்ல ராடை உருட்டிப் பாத்தா எக்ஸாஸ்ட் கொஞ்சமே கொஞ்சம் டைட், கேஸ்கெட் உக்காந்திருக்கு. ஹெட் நட்டெல்லாம் இன்னொரு தடவ இறுக்கிட்டு திரும்ப செட் பண்ணேன். 500 கிலோமீட்டர் ஓடினதும் இதே வேலைய மறுபடி பண்ணணும். டேப்பெட் கவர்ல ஆயில் லேசா கசியுது, நட்ட இறுக்கினா தகடு வளைஞ்சு இன்னும் கசியும், அதனால தொடல, கவரைச் சமமா தட்டிட்டு புது கேஸ்கெட் வெட்டிப் போடணும்.