சங்க வேலைக்கான பணி நேரம் பறிக்கப்பட்டபோது: சேலத்தில் நாங்கள் கடந்து வந்த ஏழு மாதங்கள்

2022 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை கையெழுத்திடப் போனபோது, வருகைப் பதிவேட்டின் மேல் ஒரு சுற்றறிக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பணியாளர் சங்க நிர்வாகிகள் பணி நேரத்தில் சங்க வேலைக்காகச் செல்வது இனி பணியாகக் கருதப்படாது என்றும், செல்ல வேண்டியிருந்தால் தற்செயல் விடுப்போ ஈட்டிய விடுப்போ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், மீறினால் அந்த நாளின் ஊதியம் பிடித்தம் செய்யப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. தணிக்கைத் தடை (கணக்குத் தணிக்கையாளர்களின் ஆட்சேபம்) எழுந்திருப்பதே காரணம் என்றது கடைசிப் பத்தி.

சேலம் மாவட்டத்தில் உள்ள ஒரு நகர உள்ளாட்சி அமைப்பின் குடிநீர்ப் பிரிவில் குழாய் பொருத்துநராக இருக்கிறேன். எங்கள் சங்கத்தின் மூன்று பிரதிநிதிகளில் ஒருவன். சுற்றறிக்கை வருவதற்கு முன் பதினான்கு ஆண்டுகளாக எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாரத்தில் இரண்டு முற்பகல்கள் பிரதிநிதிகள் அலுவலகப் பிரிவுகளுக்குச் சென்று உறுப்பினர்களின் கோரிக்கைகளைப் பேசலாம், வெளியே செல்வோர் பதிவேட்டில் நேரமும் காரணமும் எழுதி மேற்பார்வையாளரின் சுருக்கொப்பம் பெற வேண்டும், சம்பளம் குறையாது. இதற்கு எழுத்துபூர்வமான ஆணை எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் பொறுப்பில் இருந்த அதிகாரி வாய்மொழியாக ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே தொடர்ந்தார்கள். அவ்வளவு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதை ஆணையாகக் கேட்டுப் பெறாமல் விட்டது எங்கள் தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த நேரம் யாருக்காக என்பதை விளக்கினால்தான் மற்றவை புரியும். தூய்மைப் பணியாளர்கள் காலை ஆறு மணிக்கு மஸ்டரில், அதாவது வருகைக் கணக்கெடுப்பில், நிற்க வேண்டும். பிற்பகலில் வேலை முடிந்து, கைகால் கழுவி, அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள் பிரிவு எழுத்தர் உணவுக்கோ வேறு வேலைக்கோ போயிருப்பார். எங்கள் உறுப்பினர் ஒருவரின் கணவர் இதே அலுவலகத்தில் பணியில் இருக்கும்போதே இறந்தவர். அவருடைய பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயர் ஒரு விதமாகவும், ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் இருந்ததால் பணப்பயன் கோப்பு நகராமல் கிடந்தது. சுற்றறிக்கை வந்த மறுவாரம் அந்த அம்மா மஞ்சள் பையோடு என்னிடம் வந்தார். இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, மழை படாமல் இருக்க அதைப் பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்தார். கண்ணாடித் துண்டு கிழித்த விரலில் கட்டு. "அண்ணே, நான் தொடப்பத்த வச்சிட்டு வர்றதுக்குள்ள அங்க சீட்டுல ஆள் இருக்க மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வாட்டி காலையில போய்ச் சொல்லிப்புடுங்க" என்றார். அதற்கு முந்தைய வாரம் வரை அது எனக்கு அரை மணி நேர வேலை. அன்றைக்கு, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

முதல் மூன்று வாரங்களை வீணாக்கினோம். கூட்டமாகச் சென்று முறையிட்டோம், வாயிற்கூட்டம் நடத்தினோம், தணிக்கையாளர்களைக் கடிந்து பேசினோம். ஓய்வுபெற்ற மூத்த தோழர் ஒருவர்தான் எங்களை உட்காரவைத்து, தணிக்கை என்ன கேட்டது என்பதைப் படிக்கச் சொன்னார். எந்த ஆணையின் அடிப்படையில், எவ்வளவு நேரத்துக்கு, பொது நிதியிலிருந்து ஊதியம் வழங்கப்பட்டது என்பதுதான் கேள்வி. அது நியாயமான கேள்வி என்றே நான் இன்றும் கருதுகிறேன். நிர்வாகம் அதற்குப் பதில் எழுதி வழக்கத்தை ஒழுங்குபடுத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல் வழக்கத்தையே நீக்கிவிட்டது. எங்கள் சண்டை தணிக்கையோடு அல்ல, இந்த இடத்தில்தான் என்று தெளிவான பிறகே பேச்சில் ஒழுங்கு வந்தது.

1947ஆம் ஆண்டின் தொழில் தாவாச் சட்டம், அதாவது தொழில் தகராறுகளுக்கான சட்டம், அப்போது நடைமுறையில் இருந்தது. அதன் 9ஏ பிரிவின்படி, நான்காம் அட்டவணையில் உள்ள பணி நிலைமைகளில் எதை மாற்றுவதானாலும் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து 21 நாட்கள் கழிந்த பிறகே மாற்ற முடியும். அந்த அட்டவணையின் 8ஆவது இனம், வழக்கமாக இருந்துவரும் சலுகையையோ உரிமையையோ திரும்பப் பெறுவதும் நடைமுறை வழக்கத்தை மாற்றுவதும் ஆகும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே. சுற்றறிக்கையோ கையெழுத்தான நாளிலேயே அமலுக்கு வந்திருந்தது.

ஆனால் வழக்கம் என்று சொன்னால் போதாது, அதைக் காட்ட வேண்டும். வெளியே செல்வோர் பதிவேட்டின் பக்கங்களைக் கேட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டோம். முப்பதாவது நாள் நெருங்கும்போது நகல்கள் வந்தன. எல்லா ஆண்டுகளும் இல்லை. சில பதிவேடுகள் கழிக்கப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தது. இருந்த ஆறு ஆண்டுகளின் பக்கங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரித்தோம். தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், காரணம், சுருக்கொப்பம் என்று நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதினோம். அதை எழுதியபோதுதான் எங்களுக்கே ஓர் உண்மை தெரிந்தது. காரணம் என்ற கட்டத்தில் அதிகமாக இருந்தவை வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம், மருத்துவ விடுப்பு, கையுறை வழங்காதது, பணப்பயன் தாமதம் ஆகியவையே. சங்கக் கூட்டம் என்று எழுதியிருந்த இடங்கள் மிகக் குறைவு. எங்களிடம் இருந்த ஆதாரங்களிலேயே வலுவானது அந்த நோட்டுதான்.

அடுத்தது தாவா எழுப்புவது. துப்புரவும் குடிநீரும் அந்தச் சட்டப்படி பொதுப் பயன்பாட்டுப் பணிகளாக இருந்தன. அங்கே வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் பேச்சுவார்த்தை நடத்தியே ஆக வேண்டும், பேச்சு நடக்கும் காலத்தில் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்பது அப்போதைய விதி. டிசம்பரில் அறிவிப்புக் கொடுத்தோம். மழை முடிந்து கொசுக் காய்ச்சல் பேச்சு இருந்த நேரம். குப்பையை அள்ளாமல் விடும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. பேச்சுவார்த்தை மேசையை நிச்சயமாக்கிக்கொள்ளவே அந்த அறிவிப்பு. இன்னொரு பயனும் இருந்தது: சமரசம் நிலுவையில் இருக்கும்போது தாவாவுக்கு உட்பட்ட பணி நிலைமைகளை நிர்வாகம் மேலும் பாதகமாக மாற்றுவதை அந்தச் சட்டத்தின் 33ஆவது பிரிவு தடுத்தது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஐந்து அமர்வுகள் நடந்தன. பதினான்கு நாட்களில் முடிய வேண்டிய சமரசத்தை இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்து நீட்டித்துக்கொண்டோம். முதல் இரண்டு அமர்வுகளுக்கு நாங்கள் மூவரும் விடுப்புப் போட்டே போனோம். மூன்றாவது அமர்வு வந்தபோது ஒருவருக்குத் தற்செயல் விடுப்பு மிச்சமில்லை. வேலூரில் படிக்கும் மகளைப் பார்க்க வைத்திருந்த நாட்கள் அதில் போயிருந்தன. அவர் ஊதியமில்லா விடுப்பில் வந்து உட்கார்ந்தார். அவருடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் மறையவில்லை.

நிர்வாகத் தரப்பு முதலில் உள்ளாட்சி அமைப்பு சட்டத்தில் உள்ள 'தொழில்' என்ற வரையறைக்குள் வராது, அதனால் அந்தச் சட்டமே பொருந்தாது என்றது. இத்தகைய பணிகளைத் தொழிலாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளான 1953ஆம் ஆண்டின் பட்ஜ் பட்ஜ் (மேற்கு வங்காளம்) நகராட்சி வழக்கையும், 1960ஆம் ஆண்டின் நாக்பூர் மாநகராட்சி வழக்கையும், 1978ஆம் ஆண்டின் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கையும் எங்கள் வழக்கறிஞர் எடுத்துவைத்ததும் அந்த வாதம் நின்றது. பட்ஜ் பட்ஜில் பணிநீக்கப்பட்ட இருவரில் ஒருவர் சுகாதார ஆய்வாளர் என்பதை அறிந்தபோது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பு எங்களைப் போன்றவர்களே இந்தப் பாதையைத் திறந்தார்கள் என்று மனம் நெகிழ்ந்தது. பிறகு, அரசு விதிகள் பொருந்தும் பணியாளர்களுக்கு 9ஏ பிரிவு பொருந்தாது என்ற விதிவிலக்கைக் காட்டினார்கள். அதற்கு அரசிதழ் அறிவிக்கை வேண்டும், அதைக் காட்டுங்கள் என்று கேட்டோம். அடுத்த அமர்வில் காட்டுவதாகச் சொன்னார்கள், காட்டவில்லை.

வேலை செய்யாத நேரத்துக்கு எங்கேயாவது சம்பளம் கொடுப்பார்களா என்ற கேள்வியும் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1971ஆம் ஆண்டு 143ஆம் பரிந்துரையின் 10ஆவது பத்தியை வாசித்தோம். பிரதிநிதிகளுக்குத் தேவையான நேரத்தை ஊதிய இழப்பின்றித் தர வேண்டும். மேற்பார்வையாளரின் அனுமதியைப் பெறச் சொல்லலாம், ஆனால் காரணமின்றி மறுக்கக் கூடாது. நேரத்துக்கு நியாயமான வரம்பு வைக்கலாம் என்பது அதன் சாரம். அதனோடு சேர்ந்த 135ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்று ஒப்பமிடவில்லை, பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நேரத்தைச் சட்ட உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்து, 2017 முதல் பொதுத்துறை நிறுவனங்கள் இதற்கு ஆகும் செலவை வெளியிட வேண்டும் என்று ஆக்கியது. செலவை மட்டும் அச்சிட்டு, அந்த நேரத்தில் தீர்ந்த குறைகளை எழுதாமல் விட்டால் படிப்பவருக்கு எந்தக் கணக்கு புரியும்? அதனால்தான் எங்கள் நீள நோட்டை மேசையில் வைத்தோம். சமரச அலுவலர் அதைப் பதினைந்து நிமிடம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அதன் பிறகு, நேரம் தரலாமா என்ற பேச்சு எவ்வளவு நேரம் என்ற பேச்சாக மாறியது.

2023 மே மாதம், தொழில் தாவாச் சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ் சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு பிரதிநிதிகளுக்கு வாரத்தில் ஒரு முற்பகல், புதன்கிழமை பத்து மணி முதல் ஒன்று வரை. நிர்வாகமோ தொழிலாளர் துறையோ அழைக்கும் பேச்சுவார்த்தைகள் முழுவதும் பணி நேரம். விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு முன்னனுமதி இல்லாமல் செல்லலாம், மறுநாள் எழுதிக் கொடுத்தால் போதும். பதிவேட்டின் நகல் மாதந்தோறும் இரு தரப்பிடமும் இருக்கும். முன்பு மூன்று பேருக்கு இரண்டு முற்பகல்கள் இருந்தன. ஆகவே இது இழப்புதான். இரவு நேரக் குடிநீர்ப் பணியாளர்களுக்கான பிரதிநிதிக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. அதை ஏற்றுக்கொண்டதற்காக அவர்களில் சிலர் எங்கள்மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

இதே நிலையில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தாவாச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. மாற்றத்துக்கான முன்னறிவிப்பு அதில் 40ஆவது பிரிவாகவும், வழக்கமான சலுகைகளைத் திரும்பப் பெறுவது மூன்றாம் அட்டவணையிலும் இருக்கின்றன. பேச்சுவார்த்தைச் சங்கத்துக்கு (நிர்வாகத்துடன் பேச அங்கீகரிக்கப்பட்ட சங்கத்துக்கு) நிறுவனம் தர வேண்டிய வசதிகளை விதிகள் வகுக்கும் என்று 14ஆவது பிரிவு சொல்கிறது. பிரதிநிதியின் ஊதியமுள்ள நேரத்தை இத்தனை மணி என்று அந்த விதிகளிலேயே எழுதக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எழுதாமல் விட்ட பதினான்கு ஆண்டுகளின் விலையை நாங்கள் கொடுத்துவிட்டோம்.

மஞ்சள் பையோடு வந்த அம்மாவின் கோப்பு, ஒப்பந்தத்துக்குப் பிந்தைய மூன்றாவது புதன்கிழமை கையெழுத்தாகியது. பெயர்த் திருத்த உறுதிமொழிப் பத்திரத்தை நான் எடுத்துக்கொண்டு போனபோது பதினொன்றே கால் மணி. எழுத்தர் இருக்கையில் இருந்தார். அந்த மூன்றாவது அமர்வுக்காக எங்கள் தோழர் இழந்த ஒரு நாள் ஊதியத்துக்கான மனு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது. இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பியிருக்கிறோம், மூன்றாவதை இந்த வாரம் அனுப்புகிறோம்.