யுவாஸ்குலாவுக்குப் போன தக்ளி

ஹெல்சின்கியில் ரயில் ஏறியபோது மணி நாலுதான். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மூன்றரை மணி நேரப் பயணம். தம்பெரே தாண்டியதும் காடு, பனி, அங்கங்கே ஒரு வீட்டு விளக்கு, மறுபடியும் காடு. ஜனவரி முதல் வாரம். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்பி மூன்றாவது நாள்.

பி.எட். முடித்துவிட்டுக் கல்வியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பரிமாற்ற மாணவியாக ஒரு செமஸ்டர் பின்லாந்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. ஊரின் பெயர் யுவாஸ்குலா. அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஸ்டேஷனில் என் டியூட்டர் காத்திருந்தாள். புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்களைக் கூட்டிப்போய் வீடு சேர்ப்பது, வங்கி, பேருந்து அட்டை எல்லாவற்றுக்கும் கூடவே வருவது டியூட்டரின் வேலை. இரண்டாம் ஆண்டு மாணவி, என்னைவிட மூன்று வயது சின்னவள். ஒரு கையில் என் அறைச் சாவி, இன்னொரு கையில் குழந்தைகளை உட்காரவைத்து இழுக்கும் சிவப்பு பிளாஸ்டிக் சறுக்குவண்டி. பெட்டிச் சக்கரம் பனியில் உருளாது என்று அவளுக்குத் தெரியும். என் இருபத்துமூன்று கிலோ பெட்டியை அந்த வண்டியில் வைத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாள். மைனஸ் பதினெட்டு. மூச்சு இழுத்தால் மூக்குக்குள் முடி விறைப்பது தெரிகிறது. இந்த ஏற்பாட்டையெல்லாம் யார் செய்கிறார்கள், பல்கலைக்கழக அலுவலகமா என்று கேட்டேன். "இல்லை, நாங்கள்தான்" என்றாள். அந்த "நாங்கள்தான்" என்ற சொல்லை அடுத்த ஐந்து மாதமும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பல்கலைக்கழகத்தின் பழைய வளாகம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. செமினாரின்மாகி என்று பெயர்; ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக் குன்று என்று பொருள். சிவப்புச் செங்கல் கட்டடங்கள், நெட்டையான பைன் மரங்கள். 1950-களில் எழுந்த கட்டடங்களை வடிவமைத்தவர் ஆல்வார் ஆல்டோ. உலகம் அறிந்த கட்டடக் கலைஞர், பள்ளிப்படிப்பு இந்த ஊரில்தான். ஆனால் குன்றின் கதை அவருக்கு முன்னாலேயே, 1863-ல் தொடங்கிவிட்டது. அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. படித்தவர்களின் மொழி ஸ்வீடிஷ். குடியானவர்கள் வீட்டில் பேசிய ஃபின்னிஷ் மொழியில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் முதல் பள்ளி இந்தக் குன்றில் தொடங்கியது. முதல் நாளிலிருந்தே ஆண், பெண் இருவருக்கும் இடம் இருந்தது. தாய்மொழி வழியில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். அதைப் படித்த அன்று அந்தச் செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன்.

பள்ளியைத் தொடங்கியவர் ஊனோ சிக்னேயுஸ் என்ற பாதிரியார். அதற்கு முன் அலாஸ்காவில் ஐந்து வருடம் இருந்தவர். பள்ளிக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்பதற்காகவே ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். திரும்பி வந்து அவர் பிடிவாதமாக நின்ற ஒரு விஷயம், கைவினை. மரவேலை, தையல், பின்னல் எல்லாம் தொழில் கற்பதற்காக இல்லை, பிள்ளையின் மனம் வளர்வதற்காக என்றார். 1866-ல் வந்த பள்ளி ஆணையிலேயே கைவினை ஒரு பாடமாக ஏறிவிட்டது. இன்றுவரை இறங்கவில்லை. இது ஏன் எனக்கு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

பயிற்சிக்கு என்னை அனுப்பிய பள்ளிக்கு 'நோர்ஸி' என்று செல்லப்பெயர். பல்கலைக்கழகமே நடத்தும் பள்ளி. ஆசிரியர் வேலைக்குப் படிக்கும் மாணவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காகவே இருப்பது. 1979-லிருந்து இங்கே ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கக்கூட முதுகலைப் பட்டம் வேண்டும். அந்தப் படிப்பின் நடுநடுவே திரும்பத் திரும்ப இந்தப் பள்ளிக்குத்தான் வருகிறார்கள்.

வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டும். வகுப்பில் எல்லோரும் சாக்ஸோடு நடக்கிறார்கள், ஆசிரியை உட்பட. என்னை யாரும் மிஸ் என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், இல்லையென்றால் 'ஓபே'. டீச்சர் என்பதன் சுருக்கம். நாற்பத்தைந்து நிமிடப் பாடம், பதினைந்து நிமிட இடைவேளை. நல்ல குளிரிலும் அந்த இடைவேளையில் பிள்ளைகள் வெளியே பனியில் உருண்டுவிட்டு வருகிறார்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கச் சொன்னார்கள். இருபத்தொரு பேர். ஊரில் பதினாறு வாரம் அரசுப் பள்ளியில் பயிற்சி எடுத்தவள் என்பதால் எனக்குப் பயம் இல்லை. அங்கே எட்டாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். கேள்வி கேட்டால் போதும், "டீச்சர், நானு! டீச்சர், நானு!" என்று பாதி வகுப்பு எழுந்து நிற்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டேன்.

நோர்ஸியில் என் முதல் கேள்விக்குப் பதிலாக வந்தது மௌனம். இருபத்தொரு முகமும் என்னைப் பார்க்கின்றன, ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நானே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன். அடுத்ததற்கும் அதேதான். பாடம் முடிந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் வழிகாட்டி ஆசிரியையோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஊரில் என் பாடக்குறிப்பு நோட்டில் சிவப்பு மையில் கையெழுத்து விழும், அதோடு முடிந்தது. இங்கே அவர் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உனக்கு எப்படி இருந்தது?" என்று என்னிடமே கேட்டார். பிள்ளைகள் பேசவில்லை என்றேன். அவர் தன் தாளைத் திருப்பிக் காட்டினார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு எண்: 1, 2, 1, 1, 2. கேள்வியை முடித்துவிட்டு நான் எத்தனை விநாடி காத்திருந்தேன் என்ற கணக்கு.

"அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நீ விடவில்லை" என்றார். குரலில் கண்டிப்பு கொஞ்சமும் இல்லை.

எனக்குத் தெரிந்த பாடம்தான் அது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே சொன்னது: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, தயங்குகிற பிள்ளைகளும் பேச வருகிறார்கள். தேர்வுக்குப் படித்து மனப்பாடமாக வைத்திருந்தேன். என் வகுப்பில் அதை ஒருநாளும் செய்ததில்லை.

அடுத்த பாடத்தில் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் தமிழில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் வயிறு கலங்கியது. ஐந்து, ஆறு. ஏழில், ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒரு சிறுமி ஆள்காட்டி விரலை மட்டும் மெல்ல உயர்த்தினாள். அங்கே அப்படித்தான் கை தூக்குகிறார்கள், ஒற்றை விரலை. அவள் சொன்னது முழுதாக மூன்று வாக்கியம். அந்த வகுப்பில் அவள் பேசி அதுவரை நான் கேட்டதே இல்லை. அவள் பேசி முடித்ததும் என் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த இரண்டு பிள்ளைகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பதினாறு வாரத்தில் அவர்கள் குரலையும் நான் கேட்டதில்லை. முன்வரிசையின் சத்தத்தில் அவர்களைத் தேடவே இல்லை. அது என் தவறு. அன்று ராத்திரி அதை நோட்டில் எழுதி வைத்தேன்.

பிப்ரவரியில் டியூட்டர் என்னைத் துறை மாணவர் அமைப்பின் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். ஏலக்காய் போட்ட பன், காபி, ஒரு மரச் சுத்தியல், இருபது பேர். ஃபின்னிஷில் நடந்ததை அவள் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு பையன் பேசினான்: கற்பித்தல் பயிற்சி வாரங்களில் பகுதிநேர வேலைக்குப் போகவே முடியவில்லை, அட்டவணையை முன்னாலேயே வெளியிட வேண்டும். விவாதித்தார்கள், வாசகத்தைத் திருத்தினார்கள், சுத்தியல் தட்டப்பட்டது. எதிரில் இருந்த மாணவி அதை எழுதிக்கொண்டாள். அவள் புலத்தின் ஆட்சிக்குழுவில் உறுப்பினராம்.

பேராசிரியர்கள் கேட்பார்களா என்று அவளிடம் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே சரியாகப் புரியவில்லை. "அவருக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டு" என்றாள்.

இதுவும் சும்மா வந்ததில்லை. 1968 நவம்பரில் ஹெல்சின்கி மாணவர்கள் தங்கள் பழைய மாணவர் இல்லத்தையே கைப்பற்றி உள்ளே உட்கார்ந்தார்கள். பல்கலைக்கழக நிர்வாகத்தில் எல்லோருக்கும் சமமான ஓட்டு வேண்டும் என்பது அப்போதைய கோரிக்கை. அது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் பேராசிரியர்கள், மற்ற பணியாளர்கள், மாணவர்கள் என்று மூன்று தரப்பும் உட்காரும் முறை நிலைத்தது. 2009-ல் வந்த பல்கலைக்கழகச் சட்டமும் அதை வைத்திருக்கிறது.

நானும் கல்லூரியில் மாணவர் பேரவைச் செயலாளராக இருந்தவள்தான். எங்களுக்குத் தேர்தல் கிடையாது, துறையில் பெயர் சொல்வார்கள். பொங்கல் விழா, ஆண்டு விழா, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நன்றியுரை. மனசாரச் செய்தேன். ஐநூறு பேருக்குப் பொங்கல் வைத்து நேரத்துக்குப் பந்தி முடிப்பது லேசான வேலை இல்லை, அதில் கற்றது நிறைய. ஆனால் பாடத்திட்டம் பற்றி ஒரு வார்த்தை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்க வேண்டும் என்று நினைத்ததில்லை. அறைக்குத் திரும்பும்போது எனக்கு அதிகம் வலித்தது இந்த இரண்டாவதுதான்.

மார்ச் 19. ஊரெங்கும் கம்பங்களில் பின்லாந்தின் நீலச் சிலுவைக் கொடி. எழுத்தாளர் மின்னா காந்த் பிறந்தநாள், சமத்துவ நாள் என்று கொடியேற்றுகிறார்கள். தேவாலயப் பூங்காவில் அவருடைய சிலை இருக்கிறது. 1863-ல் குன்றின் மேல் பள்ளி திறந்தபோது சேர்ந்த முதல் மாணவிகளில் ஒருவர். படிப்பை முடிக்கவில்லை. அங்கே பாடம் நடத்திய ஆசிரியரையே கல்யாணம் செய்துகொண்டதால் நடுவிலேயே விட்டார். ஏழு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறக்கும் முன்பே கணவர் இறந்துவிட்டார். குவோப்பியோ என்ற ஊருக்குப் போய் அப்பாவின் நூல்கண்டுக் கடையை எடுத்து நடத்திக்கொண்டே நாடகங்கள் எழுதினார். பெண்களின் சொத்துரிமை, படிப்பு, ஏழைகளின் பாடு, எல்லாம் அந்த நாடகங்களில் மேடையேறியது. சிலையின் காலடியில் பனி இன்னும் உருகவில்லை. என்னோடு பி.எட். சேர்ந்து, கல்யாணம் நிச்சயமானதும் பாதியில் நின்றுபோன நாலு பேரை நினைத்துக்கொண்டு அங்கே ரொம்ப நேரம் நின்றேன். அப்பத்தாவையும்.

அப்பத்தா ஆதாரப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த திட்டத்தில் வந்த பள்ளி: ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களைச் சொல்லித்தருவது. எங்கள் பக்கத்தில் அது நூல் நூற்பது. பித்தளை வட்டு, நடுவில் கம்பி, தலையில் சின்னக் கொக்கி, அதுதான் தக்ளி. நூற்ற நூலை அளந்துதான் கணக்குப் படித்தார்களாம். டீச்சர் வேலைக்குப் படிக்க ஆசைப்பட்டார். பதினைந்து வயதில் கல்யாணம்.

நோர்ஸியின் கைவினை வகுப்பில் முதல்நாள் நுழைந்தபோது எனக்கு அப்பத்தா ஞாபகம்தான். 2016-லிருந்து நடைமுறையில் உள்ள பாடத்திட்டப்படி எல்லாப் பிள்ளைகளும் இரண்டையும் செய்ய வேண்டும், துணி வேலையும் மர வேலையும். பதினொரு வயதுப் பையன் கம்பளி நூலில் காலுறை பின்னிக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் இரண்டு சிறுமிகள் காதில் உறை மாட்டிக்கொண்டு ரம்பத்தில் பலகை அறுத்தார்கள். ஆசிரியர் பக்கத்தில் இல்லை, நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

பின்னிக்கொண்டிருந்த பையனிடம் எங்கள் ஊரில் பள்ளியிலேயே நூல் நூற்ற கதையைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. வழிகாட்டி ஆசிரியையிடம் அனுமதி வாங்கி, மறுவாரம் வாட்ஸப்பில் அப்பத்தாவைக் கூப்பிட்டேன். இங்கே காலை பத்து மணி, அங்கே மதியம் தாண்டியிருந்தது. அப்பா போனைப் பிடித்திருந்தார். முதலில் திரை முழுக்க அப்பத்தாவின் நெற்றி. "ஏத்தா, சாப்பிட்டியா? இவுக எல்லாம் யாரு, ஒன் பிள்ளைகளா?" என்றார். ஆமா அப்பத்தா என்றேன். பரணில் இருந்து எடுத்த தக்ளியைத் தொடையில் ஒரு இழுப்பு இழுத்து விட்டார். அது சுழன்றபடி இறங்க, விரல் நடுவே இருந்த பஞ்சுப் பட்டையிலிருந்து நூல் வந்துகொண்டே இருந்தது. வகுப்பில் சத்தமே இல்லை. இந்த முறை அந்த மௌனம் எதற்கென்று எனக்குத் தெரிந்தது, காத்திருந்தேன். அப்புறம் ஒற்றை விரல்கள் ஒன்றொன்றாக எழுந்தன. எத்தனை வயதில் கற்றீர்கள்? நூல் அறுந்தால் என்ன செய்வீர்கள்? அப்பத்தா ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஆசிரியை ஃபின்னிஷில் சொல்ல, நாற்பத்தைந்து நிமிடமும் போனது. அன்று அவர் பாடம் நடத்தினார். எண்பத்தொரு வயதில்.

ஏப்ரல் கடைசியில் ஏரியில் ஐஸ் உடைந்தது. மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். கடைசி நாள் அந்தப் பையன் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினான். உள்ளே, பிர்ச் மரத்தில் அவனே கடைந்த தக்ளி. வட்டின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். கொக்கிக்கு ஒரு சின்னக் கம்பியை வளைத்துச் சொருகியிருந்தான்.

ஊருக்கு வந்ததும் அப்பத்தாவிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஞ்சைக் கோத்துச் சுழற்றினார். நூல் அறுந்தது. இன்னொரு தடவை, மறுபடியும் அறுந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான். கனம் கூட, பஞ்சு தாங்கல. வட்டைக் கொஞ்சம் சீவணும்னு அவன்கிட்டச் சொல்லு."

சொன்னபடியே எழுதி, வட்டின் சரியான அளவைப் பென்சிலால் வரைந்து, அப்பத்தாவின் கையெழுத்தும் வாங்கி, நேற்றுத் தபாலில் போட்டேன்.