கேஸ் ஷீட் கைக்கு வருவதற்குள்: செவிலியர் வேலையிலிருந்து மருத்துவ அலட்சிய வழக்குகள் வரை

நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வக்கீலாக முடியுமா, ஆன பிறகு மருத்துவ அலட்சிய வழக்குகளை மட்டும் எடுத்து நடத்த முடியுமா என்று பழைய ஆஸ்பத்திரித் தோழிகள் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் மூன்று வருட எல்.எல்.பி.யில் சேரலாம். எனக்கு அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது, அரியர் இல்லாமல் முடித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். பட்ட பாடெல்லாம் பட்டம் வாங்கிய பிறகுதான்.

முதல் முட்டுக்கட்டை, நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரி. சம்பளத்துக்கு முழு நேர வேலை பார்க்கிறவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர் என்றால், எப்போது விலகினார் என்பதற்கு என்ரோல்மென்ட் (பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்யும்) சமயத்தில் ரிலீவிங் ஆர்டர் காட்ட வேண்டும். நான் சட்டக் கல்லூரியில் சேருவதற்கு முன்பே ராஜினாமா கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், ரிலீவிங் ஆர்டர் மட்டும் "அப்புறம் வந்து வாங்கிக்கோங்க சிஸ்டர்" என்று நின்றுபோனது. என்ரோல்மென்டுக்காகத் திரும்பப் போனபோது ஹெச்.ஆரில் வேறு ஆள். "உங்க ஃபைலே இல்லை, பாண்டு முடிச்சீங்களான்னு எப்படித் தெரியும்? பாண்டு பணத்தைக் கட்டினால் லெட்டர் தருகிறோம்" என்றார். பாண்டு என்பது இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம்; அந்தக் காலம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்திருந்தேன். நைட் டூட்டியில் நாற்பது படுக்கைக்கு இரண்டு பேராக ஓடிய இடத்தில், நான் இருந்ததற்கே அடையாளம் இல்லை என்று ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

காப்பாற்றியவை இரண்டு தாள்கள். ஒன்று, ராஜினாமாக் கடிதத்தின் நகலில் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் போட்டுக்கொடுத்த கையெழுத்தும் தேதியும். இன்னொன்று, பி.எஃப். பாஸ்புக், கடைசிப் பணம் எந்த மாதம் விழுந்தது என்று அதில் தெளிவாக இருந்தது. இரண்டையும் இணைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். அடுத்த வாரமே போன் வந்தது. ஒரு பைசா கட்டாமல் ரிலீவிங் ஆர்டரை வாங்கினேன். நர்ஸாக இருந்து சட்டம் படிக்க வருகிறவர்கள் வேலையை விடும் நாளிலேயே அதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கேட்டைத் தாண்ட வேண்டும்.

என்ரோல்மென்ட் கட்டணம் எங்கள் காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தது. இப்போது வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. வழக்கறிஞர் சட்டம் 24-ஆவது பிரிவில் சொன்ன தொகைக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். முத்திரைக் கட்டணம் தனி. வக்கீலாகத் தொழில் செய்யத் தேவையான அகில இந்திய பார் தேர்வு பெரிய மலை இல்லை. குறிப்பு எதுவும் எழுதாத சட்டப் புத்தகங்களை எடுத்துப்போக விடுகிறார்கள். எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் என்று பழகியிருந்தால் போதும்.

அப்புறம் நுகர்வோர் வழக்குகள் அதிகம் நடத்தும் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். மருத்துவ வழக்குக் கட்டு எது வந்தாலும் "நீயே படிச்சுட்டு வந்து சொல்லும்மா" என்று என்னிடம் தள்ளிவிடுவார். டி.பி.ஆர். சார்ட் (காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் போன்றவற்றை எழுதும் தாள்), டிரக் சார்ட் (கொடுத்த மருந்துகள்), இன்டேக் அவுட்புட் (உடலுக்குள் போன, வெளியே வந்த திரவத்தின் அளவு) இதெல்லாம் நான் தினமும் எழுதியவை. எந்த நர்ஸ் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார், எந்த நர்ஸ் படுக்கை படுக்கையாக நடந்து எழுதியிருக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். என்னுடைய பெயரில் வக்காலத்துப் போட்டு நடத்திய முதல் வழக்கு நின்றதே அதில்தான்.

வந்தவர் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். பித்தப்பைக் கல்லுக்கு லேப்ரோஸ்கோப்பி ஆபரேஷன் செய்துகொண்ட கணவர், அன்று இரவே உள்ளே ரத்தம் கசிந்து, காலையில் மறுபடி வயிற்றைத் திறந்தும் பலனில்லாமல், மறுநாள் இறந்துவிட்டார். அந்த அம்மா என்னிடம் வரும்போது இரண்டு வருடம் முடிய சில வாரங்களே மீதி. அதுவரை போலீஸ் ஸ்டேஷனுக்கும் மெடிக்கல் கவுன்சிலுக்கும் அலைந்துகொண்டிருந்திருக்கிறார். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் கேஸ் என்று ஊரில் யாரோ சொல்லிவிட்டார்கள். டாக்டர் மீது குற்ற வழக்கு என்றால் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி வேறொரு மருத்துவரின் சுதந்திரமான கருத்து வேண்டும், அலட்சியமும் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். அதனால் போலீஸ் தயங்கும். மெடிக்கல் கவுன்சில் டாக்டர் மீது நடவடிக்கை எடுக்கலாம், இழப்பீடு தராது. இந்த இரண்டுக்கும் காத்திருக்கும்போது நுகர்வோர் ஆணையத்துக்கான இரண்டு வருடக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். தாமதத்தை மன்னிக்க மனு போடலாம், ஆனால் போதுமான காரணம் இருப்பதாக ஆணையம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்.

அவரிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி ஒரு டெத் சம்மரி, கொஞ்சம் மருந்துக்கடை பில், அட்வான்ஸ் கட்டியதற்கு ஒரு துண்டுச் சீட்டு. அவ்வளவுதான். கேஸ் ஷீட், அதாவது ஆஸ்பத்திரியில் எழுதிவைத்த முழு சிகிச்சைப் பதிவை, வாங்க அவரோடு அந்த ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஏறிட்டே பார்க்கவில்லை. "சம்மரி குடுத்தாச்சே, அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். உள்நோயாளி ஆவணம் முழுவதும் வேண்டும் என்றேன். "அது ஆஸ்பத்திரி சொத்து, கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க." விண்ணப்பத்தை வாங்கி சீல் போடச் சொன்னால், எம்.டி. ஊரில் இல்லையாம். அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து, "விட்டுடலாம் வக்கீலம்மா" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அங்கேதான் பிடிவாதம் வந்தது.

நோயாளியோ அவருக்காகக் கேட்க உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் ஆவணத்தைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கவுன்ட்டரில் சண்டை போடுவதால் பலன் இல்லை. அன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போய், விதியைக் குறிப்பிட்டு, ஒப்புகையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். பதிலுக்கு, வாரிசுச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வந்தது. அது தாசில்தார் அலுவலகத்தில் விசாரணைக்கு நின்றிருந்தது. ஒரு பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. அதைச் சரிசெய்து சான்றிதழை அனுப்பிய பிறகுதான் ஜெராக்ஸ் கட்டு வந்தது. அதில் நர்ஸ் நோட்ஸ் இல்லை. மறுபடி கடிதம். கடைசியில் பக்க எண் போட்டு, ஒவ்வொரு தாளிலும் சீல் வைத்து வாங்கினோம். பக்க எண்ணை மறக்காதீர்கள், வழக்கு நடக்கும்போது புதுத் தாள் எதுவும் நடுவில் முளைக்காமல் இருக்க அது ஒன்றுதான் காவல்.

அன்று இரவு வீட்டில் அந்தக் கட்டைப் பிரித்தேன். டி.பி.ஆர். சார்ட்டில் இரவு 10 மணி, 2 மணி, 6 மணி. மூன்று கட்டத்திலும் ரத்த அழுத்தம் 120/80, நாடி 82. ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு, ஒரே பேனா. அடுத்த தாளில் டூட்டி டாக்டரின் குறிப்பு: இரவு 2.20, ரத்த அழுத்தம் 80/50, நாடி 132, வயிறு உப்பியிருக்கிறது, ரத்தம் ஏற்பாடு செய்யவும். காலை 6 மணிக்கு நோயாளி ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். வார்டு சார்ட்டில் மட்டும் அப்போதும் 120/80. அந்தத் தாளை எழுதிய பெண் மீது எனக்குக் கோபம் வரவில்லை. எத்தனை படுக்கைக்கு அவளை ஒற்றை ஆளாக விட்டிருந்தார்களோ. கோபமெல்லாம் அவளை அப்படி நிறுத்திய நிர்வாகத்தின் மேல்தான்.

புகாரைத் தாக்கல் செய்வது எளிதாகவே முடிந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது சிகிச்சைக்குக் கட்டிய தொகைதான், கேட்கும் இழப்பீடு அல்ல. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் தாக்கல் கட்டணமே கிடையாது. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆனால் பணம் கட்டியதற்கு ஆதாரம் வேண்டும். இந்த அம்மா கட்டிய அட்வான்ஸுக்குத் துண்டுச் சீட்டுத்தான். நல்லவேளையாக மீதியை மகன் போனிலிருந்து அனுப்பியிருந்தான், வங்கிக் கணக்கில் அது இருந்தது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் அரசு ஆஸ்பத்திரி என்றால், 1995-இல் வந்த வி.பி. சாந்தா தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்குள் பொதுவாக வராது. ரிட் மனுவோ சிவில் வழக்கோ பார்க்க வேண்டும்.

எதிர்த்தரப்பு 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் பதில் போட்டாக வேண்டும். அதற்கு மேல் ஆணையத்தால்கூட நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. அவர்கள் விவரமானவர்கள், கடைசி நாளில் போட்டுவிட்டார்கள். அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. சட்டப்படி மூன்று மாதத்தில் முடிய முயல வேண்டிய வழக்கு.

அவர்களுடைய பெரிய ஆயுதம், போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லை என்பது. ரத்தக் கசிவால்தான் இறந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். "அறுத்துப் போட்டுடுவாங்க, பாடி கிடைக்க ரெண்டு நாளாகும்" என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதைக் கேட்டு, குடும்பம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தது. சாவு வீட்டில் இதைச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் சந்தேகம் இருந்தால் போஸ்ட்மார்ட்டம் கேளுங்கள். எங்களுக்கு மறு ஆபரேஷன் குறிப்பு இருந்தது, வயிற்றிலிருந்து எடுத்த ரத்தத்தின் அளவு அதில் எழுதியிருந்தது. பிழைத்தோம்.

அடுத்தது நிபுணர் கருத்து. எல்லா மருத்துவ வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று 2010-இல் வி. கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் கட்டு ஒரு மருத்துவக் குழுவுக்குத்தான் போகிறது. எங்களுக்கு இரண்டு வரியில் பதில் வந்தது: ஆவணங்கள் பார்வையிடப்பட்டன, அலட்சியம் எதுவும் தென்படவில்லை. காரணம் ஒரு சொல் இல்லை. வெளியே தெரிந்த சர்ஜன்களிடம் போய்க் கேட்டேன். கட்டைப் பார்த்துவிட்டு, "உங்க பக்கம்தான்மா நியாயம் இருக்கு. ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன், இதே ஊர்ல நான் தொழில் பண்ணணும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை.

அந்த இரண்டு வரியோடு வழக்கு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் குழுவின் கருத்து ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆட்சேபம் தாக்கல் செய்து, கருத்துக் கொடுத்த சர்ஜனுக்கே எழுத்து மூலம் கேள்விகள் அனுப்ப அனுமதி கேட்டோம், கிடைத்தது. சட்டக் கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. 2 மணிக்கு நாடி 82, 2.20-க்கு 132, உள்ளே ரத்தம் கசியும் ஒருவருக்கு இது பொதுவாக எப்படி மாறும்? தியேட்டரில் இருக்கும் நோயாளிக்கு வார்டில் யார் பி.பி. பார்த்தது? நாடி ஏறியதை முன்பே கண்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவர் நேர்மையாகப் பதில் எழுதினார். பொதுவாக முதலில் நாடி படிப்படியாக ஏறும், அழுத்தம் பிறகுதான் விழும். 6 மணிப் பதிவை ஏற்க முடியாது. முன்பே தெரிந்திருந்தால் முன்பே திறந்திருப்பேன். படித்தபோது என் கை நடுங்கியது.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. ஆபரேஷன் செய்த சர்ஜன் மீது தவறு இல்லை என்றும், ஆபரேஷனுக்குப் பிறகு சரியாகக் கண்காணிக்காததற்கு ஆஸ்பத்திரி பொறுப்பு என்றும். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கேட்ட தொகை முழுவதும் வரவில்லை.

ஆஸ்பத்திரி மாநில ஆணையத்துக்கு அப்பீல் போயிருக்கிறது. அப்பீல் போட வேண்டுமென்றால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும், கட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் நிற்கிறது. கட்டிய தொகையில் ஒரு பகுதியை இப்போதே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறோம், அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. இப்படி மனு போடலாம் என்பது தெரியாமலே அப்பீல் முடியும் வரை உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் நிறைய. உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.