துடிப்பின் முதல் மைக்ரோநொடிகள்

8 ஜூலை 2024, திங்கள், பீளமேடு

திருப்பூர்ப் பின்னல் துணியைத் தண்ணீரின்றிப் பிளாஸ்மாவால், அதாவது மின்திறனால் எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்து ஒளிரும் வாயுவால், பதப்படுத்த முடியுமா என்று பார்க்கத் தொடங்கிய வேலை, இப்போது துணியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிளாஸ்மாவையே அளக்கும் வேலையாகிவிட்டது. இடைவிடாமல் மின்திறன் ஊட்டினால் துணி சூடேறிவிடும் என்பதால், 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைத் திறனை நொடிக்கு 1000 துடிப்புகளாக ஊட்டி நிறுத்துகிறோம். பிளாஸ்மா 500 மைக்ரோநொடி எரியும். 500 மைக்ரோநொடி அணைந்திருக்கும். எரியும் அந்தப் பாதிக்குள் 6780 அலைகள் அடங்கிவிடுகின்றன.

இன்று ஆர்கான் வாயுவில் ஓட்டியபோது, திரும்பி வரும் திறன் மிகக் குறைவு என்றே மீட்டர் காட்டியது. ஆனால் மீட்டர் சொல்வது சராசரி. நொடிக்கு நொடி அலைவடிவத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் அனுப்பியதில் பெரும்பகுதி திரும்பி வந்து, பிறகுதான் அடங்குகிறது. திறன் திரும்பி வராமல் பிளாஸ்மாவுக்குள் போகச் செய்யும் மேட்சிங் பெட்டியை நிலையாக எரியும் பிளாஸ்மாவுக்கு ஏற்றபடி வைத்திருக்கிறோம். எலக்ட்ரான்கள் குறைவாக உள்ள தொடக்க நிலைக்கு அது பொருந்துவதில்லை. அதே நேரத்தில் ஒளியுணரியிலும் ஒரு கூர்மையான எழுச்சி தெரிகிறது. ரேடியோ இரைச்சல் உணரிக்குள் புகுந்திருக்குமோ என்று ஐயப்பட்டு, அதன் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிப் பார்த்தேன். எழுச்சி மறைந்தது. ஆகவே அது ஒளிதான்.

10 ஜூலை, புதன்

பிளாஸ்மாவுக்குள் போகும் திறனை அறிய மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒன்றாக அளந்ததில், கணக்கு எங்கேயும் ஒட்டவில்லை. காரணம் கேபிள். மின்னழுத்தத்துக்கு ஒரு மீட்டர் நீளக் கேபிளும் மின்னோட்டத்துக்கு இரண்டு மீட்டர் நீளக் கேபிளும் போட்டிருந்தேன். சாதாரணக் கோஆக்சியல் கேபிளில் ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 5 நானோநொடி ஆகும். இந்த அதிர்வெண்ணில் அது ஏறத்தாழ 24 பாகைக் கட்ட வேறுபாடு, அதாவது ஓர் அலை மற்றதைவிட அவ்வளவு பின்தங்கித் தெரியும். பிளாஸ்மாவுக்குத் திறன் ஊட்டும் சுருளில் கட்டக்கோணம் 90 பாகையை ஒட்டியே இருப்பதால், 85 என்பதை 86 என்று படித்தாலே திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தெரியும் என்னும்போது, 24 பாகைப் பிழையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, 50 ஓம் சுமையில் கட்டம் பூஜ்யமாக வருகிறதா என்று சரிபார்த்த பிறகே மீண்டும் பிளாஸ்மாவை ஏற்றினேன்.

18 ஜூலை, வியாழன், ஆடி 2

பிளாஸ்மாவுக்குள் நுழைத்து எலக்ட்ரான்களை அளக்கும் லாங்மியூர் ஆய்வுமுனையைப் பொருத்துவதற்காக, பிளாஸ்மா எரியும் வெற்றிடக் கலனை நேற்று திறந்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஈரக்காற்று உள்ளே புகுந்திருக்க வேண்டும், ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் ஒளிக்கோடு இன்று பளிச்சென்று தெரிந்தது. கலனைக் கடைந்து கொடுத்த கணபதிப் பட்டறை அண்ணன் நேரில் வந்து, "மொதல்ல வெல்டு வெச்ச பக்கம் பார்க்கோணுமுங்க தம்பி" என்றார். பம்பு வால்வை மூடி அழுத்தம் ஏறுவதைக் கவனித்தோம். கசிவு என்றால் ஒரே வேகத்தில் ஏறும்; சுவரில் ஒட்டிய ஈரம் என்றால் ஏற்றம் போகப்போக மட்டுப்படும். மட்டுப்பட்டது. அவருடைய வெல்டில் குறையில்லை. இரவு முழுவதும் சூடேற்றி வைத்திருக்கிறோம்.

22 ஜூலை, திங்கள்

லாங்மியூர் ஆய்வுமுனையால் அளப்பதற்குப் பொறுமை வேண்டும். துடிப்பு தொடங்கிய பின் ஒரே தாமதத்தில், ஆயிரக்கணக்கான துடிப்புகளிலிருந்து மாதிரி எடுத்துச் சராசரி கண்டு, பிறகு அடுத்த தாமதத்துக்கு நகர வேண்டும். ரேடியோ அலைவைத் தடுக்கும் சோக்குச் சுருள்கள் துடிப்பின் விளிம்பில் தாமே அதிர்வதால், முதல் சில மைக்ரோநொடிகளை நான் நம்பவில்லை. அதற்குப் பின் வருவது தெளிவாக இருக்கிறது: எலக்ட்ரான் வெப்பநிலை முதலில் நிலைமதிப்பைத் தாண்டி எழுந்து, பிறகு இறங்குகிறது, அடர்த்தியோ மெதுவாகவே ஏறுகிறது. ஊட்டும் திறனைப் பங்கிட்டுக்கொள்ள எலக்ட்ரான்கள் சிலவே இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் பங்கு கூடுகிறது. 8ஆம் தேதி கண்ட ஒளி எழுச்சிக்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து.

25 ஜூலை, வியாழன்

அந்தக் கருத்தைச் சோதிக்க, எரியும் நேரத்தை அப்படியே வைத்து, அணைந்திருக்கும் நேரத்தை மட்டும் 500 மைக்ரோநொடியிலிருந்து படிப்படியாக 50க்குக் குறைத்தேன். திறன் நின்றதும் எலக்ட்ரான்களின் வெப்பம் விரைவில் தணிந்துவிட்டாலும், அவற்றின் எண்ணிக்கை அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. எனவே குறுகிய இடைவெளியில் அவற்றில் பெரும்பாலானவை எஞ்சியிருக்கும், எழுச்சியும் தணிய வேண்டும். அப்படியே தணிந்தது. 50 மைக்ரோநொடியில், 750.4 நானோமீட்டர் ஆர்கான் ஒளிக்கோட்டின் எழுச்சி ஏறக்குறைய தட்டையாகிவிட்டது. தொடக்கத்தில் திரும்பி வரும் திறனும் உடன் குறைந்தது. நாளை இதே வரிசையை ஆக்சிஜன் கலந்து அளக்க வேண்டும். அதில் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு ஒட்டி எதிர் அயனிகளும் உருவாகும் என்பதால், இந்த 50 என்ற எண் அங்கே செல்லாது.