ஏழு மோனாலிசாவும் ஒரு மல்கோவாக் கூடையும்

கோரிமேட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, மே மாதத்தில் ஒரு நாள் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏற்காடு பேருந்தில் ஏறி அமர்ந்தேன். கையில் இருந்தது, எத்தனையாவது முறை படிக்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்ட 'சிட்டி ஆஃப் டெத்' நாவல். 1979ஆம் ஆண்டு பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் நான்கு பகுதிகளாக வந்த கதையை, 2015இல் ஜேம்ஸ் காஸ் நாவலாக்கினார். தொலைக்காட்சிக் கதையில் நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் கை இருந்ததால் கிண்டலுக்குக் குறைவிருக்காது.

கால்களுக்கு இடையே மாம்பழக் கூடையை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், என்ன புத்தகம் என்று கேட்டார். நீலப் பெட்டியில் ஏறிக் காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் ஒரு டாக்டரின் கதை என்றேன்.

"முழங்கால் வலிக்குப் பாப்பாருங்களா?"

அவர் அப்படிப்பட்ட டாக்டர் இல்லை என்பதை விளக்குவதிலேயே அஸ்தம்பட்டி போய்விட்டது. பிறகு கதைக்கு வந்தேன். 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த விண்கலத்திலிருந்து பன்னிரண்டு துண்டுகளாகி, காலமெங்கும் சிதறிப்போன ஒருவனின் ஒரு துண்டு, 1505இல் டாவின்சியைக் கொண்டு மேலும் ஆறு மோனாலிசாக்களை வரையவைக்கிறது. இன்னொரு துண்டு, 1979இல் பாரிஸில் பிரபுவாக வாழ்ந்தபடி, கால ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட அவற்றை விற்கப் பார்க்கிறது. ஆறு படங்கள் கையிலிருக்க, லூவர் அருங்காட்சியகத்தில் தொங்கும் ஏழாவதை அவன் ஏன் திருட வேண்டும் என்று, விடை தெரிந்த வாத்தியாரின் மிடுக்குடன் கேட்டேன்.

"அது அங்கயே தொங்கிட்டு இருந்தா இவன்கிட்ட எவனுங்க தம்பி வாங்குவான்? திருடு போச்சுன்னு பேப்பர்ல வந்தாத்தான், ஏழு பேரும் அது தனக்குத்தான் வந்திருக்குன்னு கமுக்கமா வாங்குவாங்க."

நாவல் எனக்குச் சொல்லித்தந்த சூட்சுமத்தை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். வியப்பில் நான் வாயைத் திறந்திருந்த நேரத்தில் கோரிமேடும் அடிவாரமும் கடந்துவிட்டன என்பது, முதல் கொண்டை ஊசி வளைவில் அவர் தோள்மீது சாய்ந்தபோதுதான் தெரிந்தது. நடத்துநர் ஏற்காட்டுக்கு மீதிக் காசை வாங்கிக்கொண்டு, என் கல்வித் தகுதியை விசாரித்தார். ஐந்தாவது வளைவில் அத்தை அழைத்தபோது, "வந்துக்கிட்டே இருக்கேன் அத்தை" என்றேன்; நொடிக்கு நொடி விலகிப் போய்க்கொண்டிருந்தேன்.

இருபது வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் படித்தால் குமட்டும் என்பதால், மீதிக் கதையை மனப்பாடமாகவே சொன்னேன். டாவின்சி வரைவதற்கு முன்பே டாக்டர் அங்கு போய், அந்த ஆறு பலகைகளிலும் 'இது போலி' என்று பேனாவால் எழுதிவைத்துவிடுகிறார். கடைசியில் தீயிலிருந்து தப்பி லூவருக்குத் திரும்புவது அவற்றில் ஒன்றுதான். எக்ஸ்ரே எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடாதா என்று கேட்டேன்.

"வாங்கறவன் பேரைத்தானுங்க வாங்கறான். வெட்டிப் பாத்தா வாங்கறான்?"

ஏரிக்கரையில் இறங்கும்போது, அத்தைக்கு என்று சொல்லி அவரிடமே இரண்டு கிலோ மல்கோவா வாங்கினேன். பழகிய தோஷத்துக்கு விலையில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மாலையில் நான் கோரிமேடு போய்ச் சேர்ந்ததும், அத்தை ஒரு பழத்தை எடுத்துக் கையில் உருட்டி, காம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, வெட்டாமலேயே கேட்டார்:

"இதை மல்கோவான்னு எவன்டா உன் தலையில கட்டினான்?"